யூஎஸ்பி கேபிளைச் சோதிப்பது எப்படி: ஒயர் முதல் இ-மார்க்கர் வரை

வெளியே மாட்டும் ஹார்ட் டிஸ்க் ஒன்று, பெரிய கோப்புகளை எழுதும்போது மட்டும் பாதியில் காணாமல் போய்க்கொண்டிருந்தது. டிஸ்க்தான் போய்விட்டது என்று நினைத்தேன். அப்புறம் கம்ப்யூட்டர் போர்ட் மேல் சந்தேகம். கேபிள் மேல் மட்டும் சந்தேகமே வரவில்லை. அதே கேபிளில் போன் நன்றாகத்தானே சார்ஜ் ஆகிறது? இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகு கேபிளை மாற்றினேன், பிரச்சினை தீர்ந்தது. பழைய கேபிளை எல்இடி டெஸ்டரில் மாட்டிப் பார்த்தால் அத்தனை விளக்கும் பளிச்சென்று எரிந்தன. ஒயர் எல்லாம் இருந்தது, கனம்தான் இல்லை. ஒரு மீட்டர் கேபிளில் அரை ஓமுக்கு மேல் ரெசிஸ்டன்ஸ்.

கேபிள் சோதனையில் பலரும் சறுக்குவது இங்கேதான். ஒவ்வொரு கருவியும் ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும். விளக்கு எரிந்தால் ஒயர் இருக்கிறது, அவ்வளவுதான். மீட்டர் திரையில் "5 ஆம்பியர்" என்று வந்தால் கேபிளுக்குள் இருக்கும் சிப்பில் அப்படி எழுதி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அதனால் கேள்விகளை ஒவ்வொன்றாக, ஆபத்தானதை முதலில் வைத்துக் கேட்க வேண்டும். கீழே வரும் வரிசை அப்படி அமைந்தது, மாற்றாமல் செய்யுங்கள்.

தேவையான கருவிகள்

ஒரு சாதாரண மல்டிமீட்டர். டைப்-சி சாக்கெட் பொருத்திய பிரேக்அவுட் போர்டு இரண்டு. 24 பின்களும் தனித்தனியாக வெளியே வந்திருக்க வேண்டும். இ-மார்க்கரை, அதாவது கேபிள் எவ்வளவு தாங்கும் என்று சொல்லும் உள்சிப்பை, படிக்கத் தெரிந்த யூஎஸ்பி பவர் மீட்டர் ஒன்று. சீரான கரண்டை இழுக்க ஒரு எலக்ட்ரானிக் லோடு. எல்இடி டெஸ்டர் இருந்தால் நேரம் மிச்சம்; இல்லாவிட்டாலும் வேலை நடக்கும்.

பிரேக்அவுட் போர்டு வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். சில போர்டுகளில் சிசி பின்களிலிருந்து (எதிரில் இருப்பது என்ன, எவ்வளவு கரண்ட் எடுக்கலாம் என்று கருவிகள் அறிந்துகொள்ளும் பின்கள்) கிரவுண்டுக்கு 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர்களை முன்கூட்டியே பற்றவைத்திருப்பார்கள். ஒயர் சோதனைக்கு அது தொந்தரவு, கேபிளில் இல்லாத ரெசிஸ்டர் இருப்பதுபோல் காட்டும். ஆனால் தூக்கிப் போடாதீர்கள், 4-ஆம் படியில் அதே போர்டு கைகொடுக்கும்.

கேபிளுக்குள் என்ன இருக்க வேண்டும்

யூஎஸ்பி 2.0 கேபிளில் நான்கே ஒயர்: விபஸ் (மின்சாரம் வரும் ஒயர்) சிவப்பு, கிரவுண்டு கறுப்பு, டேட்டாவுக்கான டி பிளஸ் பச்சை, டி மைனஸ் வெள்ளை. மேலே ஷீல்டு. யூஎஸ்பி 3 டைப்-ஏ பிளக்கில் கூடுதலாக ஐந்து பின் சேர்ந்து ஒன்பது ஆகும்: அனுப்ப ஒரு ஜோடி, வாங்க ஒரு ஜோடி, நடுவில் ஒரு கிரவுண்டு.

டைப்-சியில்தான் குழப்பமே. பெயருக்கு 24 பின் என்றாலும் எல்லாக் கேபிளிலும் எல்லாம் இருக்காது. பிளக்கின் நான்கு மூலைகளிலும் கிரவுண்டு (ஏ1, ஏ12, பி1, பி12). அவற்றுக்கு உள்பக்கமாக நான்கு விபஸ் (ஏ4, ஏ9, பி4, பி9). ஏ5 சிசி. அதற்கு இணையான பி5 விகான். இ-மார்க்கர் சிப்புக்கு மின்சாரம் கொடுக்கும் பின். ஏ6 டி பிளஸ், ஏ7 டி மைனஸ். பிளக்கில் பி6, பி7 காலியாகவே இருக்கும், அது குறையல்ல. யூஎஸ்பி 2.0 வகை சி-டு-சி கேபிளில் விபஸ், கிரவுண்டு, சிசி, டி பிளஸ், டி மைனஸ் மட்டும் இருந்தால் போதும். வேகமான கேபிள் என்றால் நான்கு அதிவேக ஜோடிகளும் எஸ்பியூ என்ற துணை ஒயர் இரண்டும் சேரும்.

படி 1: கண்ணால் பாருங்கள்

இரு முனையிலும் டைப்-ஏ பிளக் இருந்தால் மேலே சோதிக்கவே வேண்டாம். இரண்டு கம்ப்யூட்டர்களின் 5 வோல்ட்டை நேருக்கு நேர் மோதவிடும் கேபிள் அது. டைப்-சி எக்ஸ்டென்ஷன் கேபிளும், ஒரு பக்கம் டைப்-சி சாக்கெட் மறுபக்கம் டைப்-ஏ பிளக் உள்ள அடாப்டரும் தரநிர்ணயத்தில் இல்லாதவை. கடைகளில் கிடைப்பதாலேயே அவை சரி என்றாகிவிடாது.

நீளத்தையும் பாருங்கள். உள்ளே சிக்னலைப் பெருக்கும் சிப் இல்லாத சாதாரணக் கேபிளுக்கு, யூஎஸ்பி 2.0 டைப்-சி என்றால் 4 மீட்டர், 5 ஜிகாபிட்டுக்கு 2 மீட்டர், 10 ஜிகாபிட்டுக்கு 1 மீட்டர், 40 ஜிகாபிட்டுக்கு 0.8 மீட்டர் என்பது தரநிர்ணயம் சொல்லும் ஏறத்தாழக் கணக்கு. மூன்று மீட்டர் மெல்லிய கேபிளின் அட்டையில் "40 ஜிபிபிஎஸ்" என்று அச்சடித்திருந்தால் புருவத்தை உயர்த்தலாம்.

படி 2: எங்கும் செருகாமல் ஷார்ட் பாருங்கள்

கேபிளின் இரு முனையும் சும்மா இருக்கட்டும். மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து விபஸுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே அளவெடுங்கள். திறந்த சுற்று என்றுதான் வர வேண்டும். வேகமான டைப்-சி கேபிளில் எண் ஒரு கணம் துடித்துவிட்டு மறைந்தால் பயப்பட வேண்டாம், பிளக்குக்குள் இருக்கும் சிறு கெப்பாசிட்டர் சார்ஜ் ஆகிறது. எண் நிலையாக நின்றால்தான் பிரச்சினை.

அதே மாதிரி விபஸுக்கும் டி பிளஸுக்கும், விபஸுக்கும் டி மைனஸுக்கும் நடுவே பாருங்கள். டி பிளஸும் டி மைனஸும் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் அது சார்ஜுக்கு மட்டுமான கேபிளாக இருக்கலாம். இரண்டையும் ஷார்ட் செய்தால் போன் எதிர்ப்பக்கம் இருப்பதைச் சார்ஜர் என்று எடுத்துக்கொள்ளும். சார்ஜர்கள் உள்ளுக்குள் செய்யும் வேலையைக் கேபிளில் செய்திருக்கிறார்கள். ஆபத்தில்லை, ஆனால் டேட்டா போகாது.

படி 3: முனைக்கு முனை

இந்தப் படியைத் தாண்டாமல் எந்த அறிமுகமில்லாத கேபிளையும் லேப்டாப்பில் செருகக் கூடாது என்பது என் கட்சி. காரணம் இருக்கிறது. கூகுள் பொறியாளர் பென்சன் லியுங் 2015-இன் இறுதியில் டைப்-சி கேபிள்களை ஒவ்வொன்றாக வாங்கிச் சோதித்து எழுதத் தொடங்கினார். 2016 பிப்ரவரியில் அவர் செருகிய ஒரு கேபிளில், ஒரு முனையின் விபஸ் மறுமுனையின் கிரவுண்டுக்கும், கிரவுண்டு விபஸுக்கும் இடம் மாறிப் பற்றவைக்கப்பட்டிருந்தன. அவருடைய குரோம்புக் பிக்சல் லேப்டாப்பும், நடுவில் மாட்டியிருந்த அளவுக் கருவிகளும் பழுதாயின. யூஎஸ்பி 3.1 என்று விற்கப்பட்ட அந்தக் கேபிளில் அதிவேக ஒயர்களே இல்லை. சிசி ரெசிஸ்டரும் தவறு.

அந்தக் கேபிளுக்கு 2-ஆம் படியை மட்டும் செய்திருந்தால் தேறியிருக்கும். இடம் மாறிய இரண்டு ஒயர்கள் ஒன்றையொன்று தொடுவதில்லையே. முனைக்கு முனை பார்த்தால் மட்டுமே பிடிபடும்.

இரு முனையையும் பிரேக்அவுட் போர்டுகளில் செருகி, மல்டிமீட்டரைப் பீப் ஒலிக்கும் கண்டினியூட்டிக்கு மாற்றுங்கள். ஒரு புரோபை முதல் போர்டின் விபஸில் வைத்துவிட்டு, மறு போர்டின் எல்லாப் பின்களையும் வரிசையாகத் தொட்டுக்கொண்டே போங்கள். எங்கே பீப் வர வேண்டும் என்பதைவிட, எங்கே வரக் கூடாது என்பது முக்கியம். அப்புறம் கிரவுண்டு, டி பிளஸ், டி மைனஸ், சிசி. இவை ஐந்தும் நேர்க்கோடு. ஏ5 ஏ5-க்கு, ஏ6 ஏ6-க்கு.

அதிவேக ஜோடிகள் நேராகப் போகாது. ஒருவர் பேசுவது மற்றவர் காதில் விழ வேண்டும் அல்லவா, அதனால் அனுப்பும் பின் எதிர்முனையில் வாங்கும் பின்னுக்குப் போகும்: ஏ2 பி11-க்கு, ஏ3 பி10-க்கு, ஏ10 பி3-க்கு, ஏ11 பி2-க்கு. எஸ்பியூவும் அப்படித்தான், ஏ8 பி8-க்கு. இது தெரியாமல் நல்ல கேபிளைக் குப்பையில் போட்டவர்கள் உண்டு. இன்னொன்று, டைப்-சியைத் தலைகீழாகச் செருகினால் போர்டில் ஏ என்று எழுதியிருக்கும் இடத்தில் பி வந்துவிடும். பிளக்கின் ஒரு பக்கத்தில் மார்க்கரால் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

டி பிளஸும் டி மைனஸும் இடம் மாறியிருந்தால் எதுவும் புகையாது. கருவி அடையாளம் மட்டும் காணப்படாது. முழுவேகக் கருவி ஒரு 1.5 கிலோ ஓம் ரெசிஸ்டரால் டி பிளஸின் வோல்டேஜை மேலே இழுத்துத் தன்னை அறிவிக்கும், குறைவேகக் கருவி டி மைனஸின் வோல்டேஜை. ஒயர் மாறினால் கம்ப்யூட்டர் தவறான வேகத்தில் பேசிப் பார்த்துக் கைவிட்டுவிடும்.

கடைசியாக, ஒரு பிளக்கின் உலோக உறையிலிருந்து மறு பிளக்கின் உறைக்குப் பீப் வருகிறதா பாருங்கள். வரவில்லை என்றால் ஷீல்டு எங்கோ விட்டுப்போயிருக்கிறது. யூஎஸ்பி 3 ஓடும்போது 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பக்கம் இரைச்சல் எழும். 2012-இல் இன்டெல் இதைப் பற்றித் தனி அறிக்கையே வெளியிட்டது. ஹார்ட் டிஸ்க்கைச் செருகியதும் ஒயர்லெஸ் மவுஸ் தத்தளித்தால் ஷீல்டையும் சந்தேகிக்கலாம்.

படி 4: சிசி பின்னும் அதன் ரெசிஸ்டரும்

டைப்-ஏ-யிலிருந்து டைப்-சி போகும் கேபிளில், சி பிளக்குக்குள் விபஸுக்கும் சிசிக்கும் நடுவே 56 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று இருந்தாக வேண்டும். 5 சதவீதம் கூடலாம், குறையலாம். "எதிரில் இருப்பது பழைய போர்ட், அளவோடு இழு" என்று போனுக்குச் சொல்வது அந்த ரெசிஸ்டர்தான். அதுவே 22 கிலோ ஓம் என்றால் 1.5 ஆம்பியர், 10 கிலோ ஓம் என்றால் 3 ஆம்பியர் தாராளமாக எடுக்கலாம் என்று பொருள். கேபிளில் 10 கிலோ ஓம் போட்டுவிட்டால், அரை ஆம்பியர் போர்ட்டிலும் போன் 3 ஆம்பியரை இழுக்கப் பார்க்கும். நல்ல போர்ட் தன்னை அணைத்துக்கொள்ளும், மட்டமான போர்ட் சூடாகிப் போகும்.

கேபிளை எங்கும் செருகாமல் விபஸுக்கும் ஏ5-க்கும் நடுவே அளவெடுங்கள். 53 முதல் 59 வரை வந்தால் சரி. 10 வந்தால் கேபிளைத் தள்ளி வையுங்கள். எண்ணே வராவிட்டால் ரெசிஸ்டர் இல்லை, டைப்-சி கருவி சார்ஜர் இருப்பதையே உணராது.

மின்சாரத்தோடும் ஒருமுறை பார்த்துவிடலாம். 5.1 கிலோ ஓம் போட்ட அந்தப் போர்டை எடுங்கள். டைப்-ஏ முனையைச் சார்ஜரிலும் டைப்-சி முனையைப் போர்டிலும் செருகி, சிசிக்கும் கிரவுண்டுக்கும் நடுவே வோல்டேஜ் பாருங்கள். 0.42 வோல்ட் பக்கம் வந்தால் உள்ளே 56 கிலோ ஓம். 0.94 என்றால் 22, 1.69 என்றால் 10. போன் அளப்பதும் இந்த வோல்டேஜைத்தான்.

சி-டு-சி கேபிளில் சிசி ஒயரில் எந்த ரெசிஸ்டரும் இருக்கக் கூடாது. ரெசிஸ்டர்கள் சார்ஜரிலும் போனிலும் இருக்கும், கேபிள் வெறும் ஒயர். சி-யிலிருந்து மைக்ரோ-பி போன்ற பி வகைப் பிளக்குக்குப் போகும் கேபிளில் சிசியிலிருந்து கிரவுண்டுக்கு 5.1 கிலோ ஓம் உண்டு.

இங்கே கேபிளின் தலையில் விழும் இரண்டு பொய்ப் பழிகள். ஏ-டு-சி கேபிளில் சார்ஜ் ஆகும் சின்னக் கருவி சி-டு-சியில் ஆகவில்லை என்றால், பெரும்பாலும் கருவியில் அந்த 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டரை வைக்காமல் விட்டிருப்பார்கள். 2019-இல் வந்த ராஸ்பெரி பை 4 என்ற சின்னக் கம்ப்யூட்டரின் முதல் வடிவத்தில் வேறு விதம்: இரண்டு சிசி பின்னுக்கும் சேர்த்து ஒரே ரெசிஸ்டர். சாதாரணக் கேபிளில் ஓடிய அது, இ-மார்க்கர் உள்ள உயர்தரக் கேபிளில் ஓடவில்லை. இ-மார்க்கரின் சிறு ரெசிஸ்டரும் சேர்ந்துகொள்ள, சார்ஜர் அதை ஆடியோ கருவி என்று எண்ணிவிட்டது.

இரண்டாவது பழி: "ஒரு பக்கமாகச் செருகினால் வேலை செய்கிறது, திருப்பினால் இல்லை." சி-டு-சி கேபிளில் எப்படித் திருப்பினாலும் சிசி ஒயர் ஒன்றுதான், டி பிளஸ் டி மைனஸ் ஜோடி ஒன்றுதான், ஒரே பாதையில் ஓடும் யூஎஸ்பி 3 எடுத்துக்கொள்வதும் அந்த சிசியைச் சேர்ந்த ஜோடிகளைத்தான். திருப்பும்போது மாறுவது சாக்கெட்டின் பின்கள். ஆகவே முதலில் சாக்கெட்டைப் பாருங்கள், அதில் அடைந்த தூசியையும்.

படி 5: ரெசிஸ்டன்ஸ்

என் ஹார்ட் டிஸ்க் கேபிள் தோற்ற இடம் இது. எல்இடி டெஸ்டரில் ஓடும் கரண்ட் சில மில்லி ஆம்பியர்தான். ஒயரில் 10 ஓம் இருந்தாலும் விளக்கு வாடாது. மல்டிமீட்டரின் ஓம் அளவையும் இங்கே நம்ப முடியாது, அதன் புரோப் ஒயர்களே 0.2 ஓம் காட்டும். கரண்டை ஓடவிட்டு வோல்டேஜ் எவ்வளவு விழுகிறது என்று பார்ப்பதே வழி.

சார்ஜரை 5 வோல்ட்டில் வையுங்கள். பவர் மீட்டரை நேராகச் சார்ஜரில் செருகி, அதன் மறுபக்கம் லோடை மாட்டி 2 ஆம்பியர் இழுக்கவிட்டு வோல்டேஜைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு சார்ஜருக்கும் மீட்டருக்கும் நடுவே கேபிளைக் கோத்து, மறுபடி அதே 2 ஆம்பியர். முதலில் 5.08, இப்போது 4.66 என்றால் விழுந்தது 0.42 வோல்ட். அதை 2 ஆம்பியரால் வகுத்தால் 0.21 ஓம். இரண்டு தடவையும் கரண்ட் ஒன்றே என்பதால் சார்ஜரின் சொந்தக் குணம் கழிந்துபோகும். லோடு ஏற ஏற வோல்டேஜைக் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும் சார்ஜராக இருந்தாலும் கணக்கு தப்பாது.

எவ்வளவு வரை சரி? டைப்-சி தரநிர்ணயம், கேபிளுக்கு விதித்த முழுக் கரண்டில் விபஸ் ஒயரில் 500 மில்லி வோல்ட், கிரவுண்டில் 250 மில்லி வோல்ட் மட்டுமே விழலாம் என்கிறது. 3 ஆம்பியர் கேபிளில் போகவரச் சேர்த்து 0.25 ஓம். 5 ஆம்பியர் கேபிளில் 0.15 ஓம். கிரவுண்டுக்கு ஏன் அத்தனை கண்டிப்பு என்றால், சிசியும் டேட்டாவும் அதை வைத்துத்தான் தங்கள் வோல்டேஜை அளக்கின்றன. தரை ஆடினால் எல்லாக் கணக்கும் ஆடும்.

ஒயர் கனத்தோடு ஒப்பிட்டால் எண்கள் புரியும். 28 கேஜ் செம்பு ஒயர் மீட்டருக்கு 0.213 ஓம், ஒரு மீட்டர் கேபிளில் போகவர 0.43 ஓம், 2 ஆம்பியரில் 0.85 வோல்ட் காணாமல் போகும். 24 கேஜ் என்றால் மீட்டருக்கு 0.084 ஓம், இழப்பு 0.34 வோல்ட்தான். கேஜ் எண் குறையக் குறைய ஒயர் தடிக்கும் என்பதை மறக்க வேண்டாம். செம்பு பூசிய அலுமினியம் போட்டிருந்தால், பார்க்கத் தடியாக இருக்கும் கேபிளும் எதிர்பார்த்ததைவிட மோசமாக வரும்.

அளந்து முடித்ததும் லோடை நிறுத்தாதீர்கள். பிளக்கின் கழுத்துப் பகுதியை மெதுவாக நாலாபக்கமும் வளைத்து மீட்டரைப் பாருங்கள். எண் 0.1 வோல்ட் குதித்தால் உள்ளே இழைகள் அறுந்துகொண்டிருக்கின்றன. கால் மணி நேரம் கழித்துத் தொட்டுப் பாருங்கள். ஒயரைவிடப் பிளக் அதிகமாகச் சுட்டால் பற்றவைப்பில் அல்லது பின்னில் கோளாறு.

படி 6: இ-மார்க்கர் சொல்வதும் மற்றதும் ஒத்துப்போகிறதா

3 ஆம்பியருக்கு மேல் தாங்கும் எந்த சி-டு-சி கேபிளிலும், யூஎஸ்பி 3 வேகம் தரும் எந்த சி-டு-சி கேபிளிலும் இ-மார்க்கர் இருக்க வேண்டும். 3 ஆம்பியர் வரையிலான யூஎஸ்பி 2.0 கேபிளுக்குத் தேவையில்லை. பவர் மீட்டரில் கேபிளை மட்டும் செருகி அதற்கான பக்கத்தைத் திறந்தால் கரண்ட், வோல்டேஜ், வேகம், நீளம் வாரியாக வரும். 2021-இல் வந்த பவர் டெலிவரி 3.1 என்ற யூஎஸ்பி சார்ஜிங் விதிக்குப் பிறகு 48 வோல்ட், 5 ஆம்பியர், அதாவது 240 வாட் வரை போகலாம். அப்படிப்பட்ட கேபிளில் 50 வோல்ட் என்று காட்டும்.

இதை வாக்குமூலமாக எடுத்துக்கொண்டு சாட்சிகளோடு ஒப்பிடுங்கள். 5 ஆம்பியர் என்கிறதா, 5-ஆம் படியில் 0.15 ஓமுக்குள் வந்ததா? 40 ஜிகாபிட் என்கிறதா, 3-ஆம் படியில் நான்கு ஜோடிகளும் பீப் அடித்தனவா? சிப்பில் என்ன வேண்டுமானாலும் எழுதலாம். எக்ஸ்ஐடி என்ற எண்ணையும் பாருங்கள். யூஎஸ்பி தரத்தைக் கவனிக்கும் யூஎஸ்பி-ஐஎஃப் அமைப்பின் சான்றிதழோடு வரும் எண் அது. பூஜ்யமாக இருந்தால் சான்றிதழ் பெறாத கேபிள்.

படி 7: டேட்டா

வேகமான எஸ்எஸ்டி ஒன்றை மாட்டி, எந்த வேகத்தில் இணைந்திருக்கிறது என்று கம்ப்யூட்டரிடமே கேளுங்கள். மேக்கில் சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் யூஎஸ்பி பகுதி, லினக்ஸில் யூஎஸ்பி கருவிகளை மரவடிவில் காட்டும் கட்டளை. 480 மெகாபிட் என்று வந்தால் அதிவேக ஜோடிகள் வேலை செய்யவில்லை. நகலெடுக்கும்போது நொடிக்கு 40 மெகாபைட்டைப் பெரிதாகத் தாண்டாது. டைப்-ஏ பிளக்கை மிக மெதுவாகச் செருகினாலும் முன்னால் இருக்கும் நான்கு பின்கள் முதலில் தொட்டு யூஎஸ்பி 2.0-ஆகவே நின்றுவிடுவதுண்டு. தீர்ப்பு சொல்லும் முன் ஒருமுறை உருவிச் சட்டென்று செருகுங்கள்.

பிறகு நூறு ஜிகாபைட்டாவது தொடர்ந்து எழுதி, திரும்பப் படியுங்கள். நகலெடுத்த கோப்பு கெட்டுப்போயிருக்கிறதா என்று மட்டும் பார்ப்பதில் பயனில்லை; யூஎஸ்பி ஒவ்வொரு பாக்கெட்டையும் சரிபார்த்துத் தவறானதை மறுபடி அனுப்பிவிடும். மோசமான கேபிள் காட்டிக்கொடுப்பது வேறு விதம்: வேகம் விட்டுவிட்டுச் சரியும், சிஸ்டம் பதிவில் ரீசெட் என்ற சொல் திரும்பத் திரும்ப வரும்.

ஒரு ஜோடியின் 90 ஓம் இம்பிடன்ஸ் (வேகமான சிக்னலுக்கு ஒயர் ஜோடி காட்டும் எதிர்ப்பு) கேபிள் முழுக்கச் சீராக இருக்கிறதா, ஒரு ஜோடியின் சிக்னல் அடுத்ததற்குள் எவ்வளவு கசிகிறது என்பதை வீட்டில் அளக்க வழியில்லை. நெட்வொர்க் அனலைசர் உள்ள ஆய்வகத்தின் வேலை அது. நம்மால் முடிவது யூஎஸ்பி-ஐஎஃப் தளத்தின் தயாரிப்புத் தேடலில் அந்த மாடல் இருக்கிறதா என்று பார்ப்பது. சான்றிதழ் பெற்ற கேபிளில் 60 வாட் அல்லது 240 வாட் என்ற குறியும், வேகத்துக்கான குறியும் இருக்கும்.

2, 3, 4-ஆம் படிகளில் தோற்ற கேபிளைக் கத்தரியால் நடுவில் வெட்டிவிட்டுத்தான் குப்பையில் போடுவேன். முழுசாகப் போட்டால் யாராவது எடுத்து எதிலாவது செருகுவார்கள். 5-ஆம் படியில் மட்டும் தோற்றதை வைத்துக்கொள்ளலாம், இயர்போன் சார்ஜ் செய்யப் போதும். தேறியதன் கழுத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டி ரெசிஸ்டன்ஸ், ஆம்பியர், வேகம், சோதித்த தேதி எழுதிவிடுங்கள். "0.21 ஓம், 3 ஆம்பியர், 480 மெகாபிட்" என்று இருந்தால் அடுத்த முறை டிராயரைத் திறக்கும்போது யோசிக்க வேண்டியதில்லை. தினமும் பையில் போய்வரும் கேபிளுக்கு மட்டும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை 5-ஆம் படியைத் திரும்பச் செய்யுங்கள், எண் ஏறிக்கொண்டே போவது தெரியும்.